மனம் "பொறு" என்கிறது, ஊர் "விதை" என்கிறது: உள்ளுணர்வை எந்த அளவுக்கு நம்பலாம்?

கேள்வி | எழுதியவர்: கடைமடை உழவன்

அனைவருக்கும் வணக்கம். திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, வெண்ணாற்றுக் கிளை வாய்க்கால் ஒன்று மெலிந்து முடிகிற இடத்தில் எங்களுக்கு ஒரு வேலி நிலம், அதாவது 20 மா, இருக்கிறது. ஏக்கர் கணக்கில் ஆறரைக்குச் சற்று மேல். மேட்டூரில் திறக்கும் தண்ணீர் மூன்று நான்கு நாளில் கல்லணைக்கு வந்துவிடுகிறது. அங்கிருந்து எங்கள் மதகுக்கு எப்போது வரும் என்று யாரும் உறுதியாகச் சொன்னதில்லை. ஆகவே எங்கள் பக்கம் குறுவை பெரும்பாலும் கிடையாது. ஆவணியில் புழுதியில் நேரடி விதைப்பாகச் சம்பா விதைத்து, மழையையோ ஆற்றையோ நம்பிக் காத்திருந்து, தையில் அறுப்பதுதான் வழக்கம்.

எந்த நாளில் விதைப்பது என்பதுதான் ஆண்டுதோறும் எடுக்கவேண்டிய பெரிய முடிவு. முன்னதாக விதைத்து, ஒரு தூறலில் முளைத்த விதைக்கு அடுத்த தண்ணீர் கிடைக்காவிட்டால் பயிர் கருகிவிடும். தாமதமாக விதைத்தால், ஐப்பசி கார்த்திகை அடைமழையில் உயரம் வராத இளம்பயிர் மூழ்கிவிடும். என் தந்தையார் இந்த முடிவை ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் எடுத்தவர். விடியற்காலையில் வரப்பில் நடப்பார், ஒரு மண்கட்டியை எடுத்து உள்ளங்கையில் நொறுக்குவார், "இன்னும் பத்து நாள் போகட்டும்" என்பார். காரணம் கேட்டால் "மனசு ஒப்பல" என்பதற்கு மேல் ஒரு சொல் வராது. 2016ஆம் ஆண்டில் அவர் பாதி நிலத்தைத் தரிசாக விட்டார். ஊரே அவரைக் கடிந்துகொண்டது. அந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 60 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தது. விதைத்தவர்கள் அனைவரும் விதைநெல்லையும் உழவுக்கூலியையும் இழந்து நின்றார்கள்.

அவர் மறைந்தபின் பொறுப்பு என்னிடம் வந்தது. 2023இல் என் மனம் "விதை" என்றது, விதைத்தேன். முளைத்த பயிர் காய்ந்தது, அக்டோபரில் மேட்டூர் அணையையே மூடிவிட்டார்கள். 2024இல் மனம் "பொறு" என்றது, பொறுத்தேன். நவம்பர் இறுதியில் பெய்த பெருமழையில் சிறுபயிர் ஒரு வாரத்துக்கும் மேல் தண்ணீருக்குள் கிடந்தது. இந்த ஆண்டு, 2025இல், ஜூன் 12இல் அணையைத் திறந்தார்கள், அந்த மாத இறுதியிலேயே நீர்மட்டம் 120 அடியைத் தொட்டது. அக்கம்பக்கத்தார் அனைவரும் விதைத்து முடித்துவிட்டார்கள். ஆயினும் வயலுக்குப் போகும்போதெல்லாம் எனக்குள் ஏதோ ஒன்று "பொறு" என்கிறது.

இரவில் இரண்டு மணிக்கு விழித்துக்கொண்டால் பிறகு உறக்கம் வருவதில்லை. என் கேள்விகள் இரண்டு. எனக்குள் கேட்பது தந்தையாருக்குக் கேட்டது போன்ற உள்ளுணர்வா, அல்லது இரண்டு முறை அடிபட்டவனின் அச்சமா என்பதை எப்படிப் பிரித்தறிவது? எந்த முடிவை எடுத்தாலும் தை மாதம் வரை ஐந்து மாதங்கள் நிச்சயமில்லாமல் காத்திருக்க வேண்டும். அந்தக் காலத்தை மன அமைதியோடு கடப்பது எப்படி? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில் 1 | எழுதியவர்: ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர்

தம்பிக்கு வணக்கம். உங்கள் தந்தையார் போன்ற பலரோடு முப்பது ஆண்டுகள் வயல்களில் நடந்திருக்கிறேன். பயிற்சிக் கூட்டங்களில் நான் சொல்லிக்கொடுத்ததைவிட அவர்களிடம் கற்றுக்கொண்டது அதிகம் என்பதை மனதாரச் சொல்கிறேன். ஆகவே உங்கள் கேள்வியை மூடநம்பிக்கை என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. அதே வேளையில், உள்ளுணர்வு என்ற ஒரே சொல்லுக்குள் வெவ்வேறு பொருள்களைப் போட்டுக் கட்டிவிடுகிறோம் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அமெரிக்காவில் தீயணைப்புப் படைத் தலைவர்கள் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்று ஆராய்ந்த கேரி க்ளைன் என்ற உளவியலாளர் ஒரு நிகழ்ச்சியைப் பதிவு செய்திருக்கிறார். ஒரு வீட்டில் பின்பக்கத்து அறையில் தீ. தண்ணீரைப் பீய்ச்சியும் தீ அடங்கவில்லை. தலைவருக்கு ஏதோ சரியில்லை என்று தோன்ற, காரணம் புரியாமலே ஆட்களை வெளியேறச் சொன்னார். அவர்கள் வெளியேறிய சிறிது நேரத்தில், நின்றிருந்த தளமே இடிந்து விழுந்தது. தீயின் மூலம் அந்தத் தளத்துக்கு அடியில், நிலவறையில் இருந்தது. அது தனக்கு வாய்த்த அமானுஷ்ய ஆற்றல் என்றே அவர் எண்ணியிருந்தார். பொறுமையாகக் கேட்டுப் பார்த்தபோது வேறு விளக்கம் கிடைத்தது: அந்த அளவு சிறிய தீக்கு அறை மிகையாகச் சூடாக இருந்தது, ஓசையோ மிகவும் குறைவாக இருந்தது. பல ஆண்டுகள் தீயைப் பார்த்த கண்ணும் காதும் தோலும் அந்தப் பொருத்தமின்மையைப் பிடித்துவிட்டன. அதற்குரிய சொல்தான் வாய்க்கு வரவில்லை.

உங்கள் தந்தையார் மண்கட்டியை நொறுக்கியதும் இத்தகையதே. கட்டி எந்த அழுத்தத்தில் உடைகிறது, பொடி விரலில் ஒட்டுகிறதா உதிர்கிறதா, வரப்பு ஓரத்தில் எந்தப் புல் தழைத்திருக்கிறது என நூறு செய்திகளை அவர் ஒரே நொடியில் படித்திருக்கிறார். அவற்றைச் சொல்லாகப் பிரித்துக் காட்டும் பழக்கம் அவருக்கு இல்லாததால் "மனசு ஒப்பல" என்றார்.

உள்ளுணர்வை எப்போது நம்பலாம் என்பதில் க்ளைனும், அதைப் பெரிதும் ஐயுற்ற டேனியல் கானமனும் நேரெதிர் முகாம்களில் இருந்தவர்கள். கானமன் 2002இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற உளவியலாளர். இருவரும் சேர்ந்து 2009இல் ஒரு கட்டுரை எழுதி, இரண்டு நிபந்தனைகளில் உடன்பட்டார்கள். முதலாவது, அந்தத் துறை ஓர் ஒழுங்குக்கு உட்பட்டதாக, இன்ன அறிகுறி இருந்தால் இன்னது நடக்கும் என்று கணிக்கத்தக்கதாக இருக்க வேண்டும். இரண்டாவது, நம் கணிப்பு சரியா தவறா என்பது மீண்டும் மீண்டும் தெளிவாகத் தெரிந்து, அதிலிருந்து கற்க நமக்கு நீண்ட காலம் கிடைத்திருக்க வேண்டும். இவை இல்லாத இடத்தில், ஒருவர் எவ்வளவு உறுதியாக உணர்ந்தாலும் அந்த உறுதி எதற்கும் சான்றாகாது.

இதை வயலில் வைத்துப் பாருங்கள். மண்ணின் பதம், களை வரும் வேகம், புகையான் பூச்சி சேரும் இடம், எந்தத் தாக்கில், அதாவது எந்த வயல் பகுதியில், தண்ணீர் நிற்கும் என்பவை ஒழுங்குக்கு உட்பட்டவை. இவற்றில் உங்கள் கைக்கும் காலுக்கும் தெரிவதை நம்புங்கள். மேட்டூருக்கு வரும் தண்ணீரோ குடகிலும் வயநாட்டிலும் பெய்யும் மழையைப் பொறுத்தது. கர்நாடகத்தின் கிருஷ்ணராஜசாகர், கபினி அணைகள் நிரம்புவதைப் பொறுத்தது. நீதிமன்றத் தீர்ப்பையும் முறைப்பாசன அட்டவணையையும் பொறுத்தது. கடைமடையில் நிற்கும் ஒருவரின் உள்ளம், அது எவ்வளவு நுட்பமானதாயினும், இவற்றை முன்கூட்டி அறிய வழியே இல்லை. நவம்பர் கடைசியில் வங்கக்கடலில் எங்கே தாழ்வு மண்டலம் உருவாகும் என்பதும் அப்படித்தான். 2023இல் அணை வறண்டதையும் 2024இல் மழை கொட்டியதையும் உங்கள் உள்ளுணர்வு தவறவிட்டதாக நீங்கள் நினைக்கிறீர்கள். அதனால் அறியவே முடியாத இரண்டைக் கேட்டு, பதில் வரவில்லை என்று அதைக் குறை கூறுவது நியாயமன்று. 2016இல் உங்கள் தந்தையாருக்குக்கூட மழை பொய்க்கும் என்பது தெரிந்திருக்க வழியில்லை என்றே கருதுகிறேன். அந்த ஆண்டு ஆற்றில் தண்ணீர் வந்த விதமும் நிலத்தின் ஈரமும் அவருக்குப் போதுமானதாகப் படவில்லை. அதனால் இழப்பைப் பாதியாக்கிக்கொண்டார்.

இரகம் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். பள்ளத் தாக்கு இருந்தால் அங்கே சிஆர் 1009 சப் 1 இரகத்தைப் பாருங்கள். நீண்டகாலப் பயிர், ஏறத்தாழ இரண்டு வாரம் மூழ்கிக் கிடந்தாலும் மீண்டு வரும் பண்பு அதற்கு உண்டு. நீண்டகாலப் பயிர் என்பதால் அதை மிகவும் தாமதப்படுத்தக் கூடாது.

பதில் 2 | எழுதியவர்: வரப்போரம்

தம்பி, அலுவலர் ஐயா சொன்னதை நான் மதிக்கிறேன். ஆனால் எது தெரியும், எது தெரியாது என்று அறிவால் பிரித்துவிட்ட பிறகும், இரவு இரண்டு மணிக்கு நெஞ்சில் கேட்கும் குரல் அந்தப் பிரிவினையை மதிப்பதில்லை. கணவர் இறந்தபின் பதினோரு ஆண்டுகளாக மன்னார்குடிப் பக்கம் தனியாகப் பயிர் செய்கிறேன். அச்சத்தையும் உள்ளுணர்வையும் பிரிக்க நான் கண்டுகொண்ட ஒரு வழியைச் சொல்கிறேன். இது யாரும் கற்றுக்கொடுத்ததன்று.

முதல் ஆண்டுகளில் நானும் குரலைக் கேட்டுக் கேட்டு ஓடினேன். பிறகு ஒரு நோட்டு வாங்கி, மனதில் தோன்றுவதைத் தோன்றிய நாளிலேயே தேதியிட்டு எழுதத் தொடங்கினேன். "இன்று கீழத் தாக்கில் ஏதோ பூச்சி விழப்போகிறது என்று படுகிறது" என்று எழுதுவேன். பத்து நாள் கழித்து நடந்ததை அதன் கீழேயே எழுதுவேன். முன்கூட்டி எழுதுவது மிகவும் முக்கியம். எழுதாவிட்டால் நடந்து முடிந்தபின் "எனக்கு அப்போதே தோன்றியது" என்று மனம் நம்மையே ஏமாற்றும். தோன்றி நடக்காமல் போனவை நினைவிலிருந்து நழுவிவிடும். மூன்று நான்கு ஆண்டுகள் எழுதியபின் படித்துப் பார்த்தேன். இலைச்சுருட்டுப் புழு, குலைநோய், நாற்று வெளிறுவது ஆகியவற்றில் என் மனம் சொன்னது பெரும்பாலும் நடந்திருந்தது. மழையைப் பற்றிச் சொன்னவை காசைச் சுண்டிப் பார்த்ததைவிட மேலாக இல்லை. ஐயா சொல்லும் இரண்டு நிபந்தனைகளும் என் நோட்டில் அப்படியே இருக்கின்றன. எனக்குத்தான் அவற்றின் பெயர் தெரியாது.

அந்த நோட்டு இன்னொன்றையும் காட்டியது. அச்சம் எழுதிய பக்கங்களும் உள்ளுணர்வு எழுதிய பக்கங்களும் பார்த்தவுடன் வேறாகத் தெரிந்தன. அச்சத்தின் பக்கங்களில் வயலே இல்லை. கடன், மைத்துனர் என்ன சொல்வார், மகளின் கல்லூரிக் கட்டணம், போன ஆண்டுபோல ஆகிவிடுமோ என்பவைதான் இருந்தன. இன்று எழுதியதும் நாளை எழுதியதும் வேறு வேறாக இருந்தன. ஒன்றுக்குச் சமாதானம் கண்டால் மற்றொன்று முளைத்தது. உள்ளுணர்வு எழுதிய பக்கத்தில் ஓர் இடம் இருந்தது: இந்தத் தாக்கு, இந்த மூலை, இந்த மதகு. மூன்று நாள் கழித்து எழுதினாலும் அதே மூலைதான் வந்தது. அதில் பதற்றம் இல்லை. வீட்டில் பால் பொங்குவதற்கு முன்பே கை அடுப்பை நோக்கிப் போகும் அல்லவா, அதுபோல அமைதியாக இருக்கும்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். வயலுக்குப் போகும்போதெல்லாம் "பொறு" என்று கேட்கிறது என்கிறீர்கள். எந்த இடத்தில் நிற்கும்போது கேட்கிறது? 20 மாவிலும் ஒரே அளவாகவா? மூன்று நாள் காலையில் நடந்து, நிற்கும் இடத்தைக் குறித்து எழுதிப் பாருங்கள். இரவில் தோன்றியதை இரவென்றே தனியாகக் குறித்துவையுங்கள். இரண்டையும் ஒரே பக்கத்தில் கலக்க வேண்டாம்.

பதில் 3 | எழுதியவர்: குத்தகைக்காரன்

அண்ணனுக்கு வணக்கம். வேறொரு பக்கத்திலிருந்து பேச விரும்புகிறேன்; யாரையும் மறுப்பதற்காக அன்று. நான் குத்தகை நிலத்தில் பயிர் செய்பவன். விளைந்தாலும் விளையாவிட்டாலும் குத்தகை அளக்க வேண்டும். என்னைப் போன்றவனுக்கு உள்ளுணர்வைப் பற்றி எண்ணவே இடமில்லாத ஆண்டுகள் உண்டு. மன அமைதி மனதுக்குள் மட்டும் இருப்பதன்று என்பதை நான் நம்புகிறேன். இழந்தால் எழுந்து நிற்க ஏதாவது மிச்சம் இருக்கிறது என்று தெரிந்தவனுக்குத்தான் தூக்கம் வருகிறது.

ஆகவே நான் முதலில் செய்வது ஒரு கணக்கு. முழுவதும் போய்விட்டால் எவ்வளவு போகும்? ஏக்கருக்கு 30 கிலோ விதை, உழவு, களைக்கொல்லி, அடியுரம், ஆட்கூலி எல்லாவற்றையும் கூட்டி ஒரு தொகையை எழுதுவேன். அந்தத் தொகையைப் பார்க்கும் வரை அச்சத்துக்கு உருவமில்லை. பார்த்தபின் அது ஒரு தொகைதான். பிறகு காப்பீடு. சம்பாவுக்கு நாம் கட்டவேண்டியது காப்பீட்டுத் தொகையில் 1.5 விழுக்காடு. கிராம நிர்வாக அலுவலரிடம் பயிர்ச் சான்றான அடங்கல் வாங்கி, நவம்பர் வரை தள்ளிப்போடாமல் விதைத்தவுடனே கட்டிவிடுவேன். இழப்பீடு வருவாய்க் கிராமத்தின் சராசரி மகசூலை வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது. நம் வயல் மட்டும் அழிந்து ஊர் விளைந்துவிட்டால் பெரும்பாலும் கிடைக்காது. அதையும் தெரிந்துகொண்டுதான் கட்டுகிறேன்.

இன்னொன்று. உங்கள் தந்தையார் பாதி நிலத்தைத் தரிசாக விட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். முழுவதையும் விடவில்லை. தன் மனம் தவறாக இருக்கலாம் என்பதற்கும் அவர் பாதி நிலத்தை ஒதுக்கியிருக்கிறார். எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது.

பதில் 4 | எழுதியவர்: மனநல ஆலோசகர்

நண்பருக்கு வணக்கம். வேளாண்மை பற்றி எனக்குத் தெரியாது. இரண்டாவது கேள்விக்கு மட்டும் என்னால் இயன்றதைச் சொல்கிறேன்.

உறுதியாகத் தெரிந்த தீமையைவிட, வருமா வராதா என்று தெரியாத தீமையே மனிதரை அதிகம் வாட்டுகிறது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வில் 45 பேர் பங்கேற்றார்கள். கணினித் திரையில் தோன்றும் கற்களுக்கு அடியில் பாம்பு இருக்கிறதா என்று ஊகிக்க வேண்டும். பாம்பு இருந்தால் கையில் வலிக்கும்படி ஒரு மின்னதிர்ச்சி கிடைக்கும். அதிர்ச்சி நிச்சயம் கிடைக்கும் என்று தெரிந்தபோது இருந்த மன அழுத்தத்தைவிட, பாதிக்குப் பாதி வாய்ப்பு என்ற நிலையில் இருந்த அழுத்தமே மிகுதி. கண்மணி விரிவதிலும் தோல் வியர்ப்பதிலும் அதை அளந்தார்கள். மேட்டூர் அணை மூடப்பட்ட அன்று, அதுவரை பல நாள் உறங்காத உழவர்கள் சிலர் உறங்கியிருப்பார்கள் என்று நான் எண்ணுகிறேன். உங்களுக்கு அப்படி நேர்ந்ததா என்று யோசித்துப் பாருங்கள். நேர்ந்திருந்தால், அது உங்கள் பலவீனமன்று. மனித உடல் அப்படித்தான் அமைந்திருக்கிறது.

இதிலிருந்து செயலுக்கு உதவுவது என்னவென்றால், நிச்சயமின்மையில் எந்தப் பகுதி உங்கள் கையில் இருக்கிறதோ அதை மூடிவிடுவது. மழையை உங்களால் முடிவு செய்ய இயலாது. எந்த நாளில் முடிவெடுப்பேன் என்பதை முடிவு செய்யலாம். "வருகிற வெள்ளிக்கிழமை மாலைக்குள் முடிவெடுப்பேன், அதன்பின் தை வரை அந்த முடிவைத் திறக்கமாட்டேன்" என்று வீட்டாரிடம் சொல்லிவையுங்கள். பிறகு அந்த எண்ணம் வரும்போது விரட்ட வேண்டாம், விரட்டினால் வலுக்கும். மாலையில் கால் மணி நேரத்தை அதற்கென்று ஒதுக்கி, "அப்போது பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிவையுங்கள். நள்ளிரவில் விழித்தால் படுக்கையிலேயே புரளாமல் எழுந்து அமர்ந்து, உள்ளிழுப்பதைவிட வெளிவிடுவதைச் சற்று நீட்டி, நிமிடத்துக்கு ஆறு முறை என்ற அளவில் மெதுவாக மூச்சுவிடுங்கள். பத்து நிமிடத்தில் இதயத்துடிப்பு தணியும். இதனால் கேள்விக்கு விடை கிடைத்துவிடாது. விடை தேடும் உடல் சற்று ஓய்வடையும்.

உறக்கமின்மை இரண்டு மூன்று வாரங்களுக்கு மேல் நீடித்தாலோ, உணவில் விருப்பம் குறைந்தாலோ, வாழ்வே சுமையாகத் தோன்றினாலோ, 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் பேசலாம். கட்டணமில்லை, தமிழில் பேசுவார்கள். பயிரில் நோய் கண்டால் தாமதிக்காமல் வேளாண் அலுவலரை அழைக்கிறீர்கள். இதற்கும் அவ்வாறே அழையுங்கள். தயக்கம் வேண்டாம்.

கேட்டவரின் மறுமொழி | எழுதியவர்: கடைமடை உழவன்

பதில் எழுதிய அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி. ஆறு நாள் கழித்து எழுதுகிறேன். அதற்கு மன்னிக்க வேண்டும். வரப்போரம் அம்மா சொன்னபடி நோட்டு ஒன்றை வாங்கிச் செய்து பார்த்த பிறகே எழுத வேண்டும் என்று இருந்தேன்.

முதலில் இரவுப் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். நான்கு இரவுகளில் எழுதியதில் விதைப்பு என்ற சொல் ஒரே ஒரு முறைதான் வருகிறது. மீதி அனைத்தும் கூட்டுறவுக் கடன், சித்தப்பா சென்ற ஆண்டு பந்தியில் பலர் முன்னிலையில் "அண்ணன் இருந்திருந்தால் இப்படி ஆகியிருக்காது" என்று சொன்னது, தந்தையாரின் பெயரைக் கெடுத்துவிட்டேனோ என்ற எண்ணம். அது என்னவென்று எழுத்தில் பார்த்தபோது நீண்ட நேரம் அப்படியே அமர்ந்திருந்தேன். அது உள்ளுணர்வும் அன்று, மழையைப் பற்றிய அச்சமும் அன்று. அவரை இழந்த துயரம் இன்னும் ஆறவில்லை என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். அணை மூடிய இரவில் நான் உறங்கினேனா என்று ஆலோசகர் கேட்டிருந்தார். ஆம், உறங்கினேன். இதுநாள்வரை அதற்காக வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன்.

காலைப் பக்கம் வேறாக இருந்தது. கிழக்குப் பக்கத்து 14 மாவில் நடந்தபோது மனதில் எந்தத் தடையும் இல்லை. மண்ணும் பொடியாக உதிர்ந்தது. மேற்கே தாழ்வாகக் கிடக்கும் 6 மாவில் கால் வைத்ததும் அந்தக் குரல் கேட்டது. மறுநாளும் அங்கேதான். மூன்றாம் நாள் அங்கேயே நின்று, என்ன சரியில்லை என்று பார்த்தேன். பத்து நாளாக மழையில்லாத வெயிலிலும் அந்தத் தாக்கின் ஓரத்தில் குதிகால் பதிந்தது. கோரை இன்னும் பச்சையாக இருந்தது. வரப்பைத் தாண்டி வடிகாலை ஒட்டியே நடந்து போனேன். எங்கள் எல்லைக்கு அப்பால், ஏறத்தாழ இரண்டு பர்லாங் தொலைவில், காட்டாமணக்கும் ஆகாயத்தாமரையும் அடர்ந்து வடிகாலை முழுவதுமாக அடைத்திருந்தன. சென்ற ஆண்டு தண்ணீர் ஒரு வாரம் வடியாமல் நின்றதற்குக் காரணமும் அதுவாகத்தான் இருந்திருக்கும். ஊரே மழையைக் குறை கூறியது, நானும் கூறினேன்.

என் கால் இதை ஒவ்வொரு நாளும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. ஏதோ சரியில்லை என்பது மட்டுமே அது சொன்ன செய்தி. "பொறு" என்ற சொல்லை அதற்கு மாட்டிவிட்டது 2023இல் பயிர் காய்ந்ததைப் பார்த்த என் மனம். உண்மையில் பொறுத்திருந்தால் அந்த 6 மாவில் பயிர் இன்னும் சிறிதாக இருக்கும்போதே வெள்ளம் வந்திருக்கும். உணர்வு சரியாக இருந்தும், அதற்கு நான் கொடுத்த பெயரால் நேரெதிரான முடிவுக்குப் போக இருந்தேன்.

தந்தையாரைப் பற்றி நான் எழுதியதிலும் ஒன்று விடுபட்டுவிட்டது. "மனசு ஒப்பல" என்று சொன்ன நாளில் அவர் வீட்டில் இருந்ததில்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவார். மதியச் சாப்பாட்டுக்குக்கூட வரமாட்டார். சிறுவயதில் அவர் கோபமாக இருக்கிறார் என்று நினைத்து நாங்கள் அந்தப் பக்கமே போகமாட்டோம். வாய்க்கால் வாய்க்காலாக, வரப்பு வரப்பாக, ஒப்பாதது எது என்று தேடிக்கொண்டிருந்திருக்கிறார் என்பது எனக்கு இப்போதுதான் புரிகிறது.

வெள்ளிக்கிழமை மாலை முடிவெடுத்தேன். வீட்டில் மனைவியிடமும் அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். கிழக்கே 14 மாவை மறுநாளே விதைத்தாயிற்று. குத்தகைக்காரத் தம்பி சொன்ன கணக்கையும் போட்டுவிட்டேன். முழுவதும் போனால் எவ்வளவு என்று நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது. அடங்கலுக்குச் சொல்லியிருக்கிறேன். மேற்கே 6 மாவுக்குச் சிஆர் 1009 சப் 1 விதை வாங்கி வைத்திருக்கிறேன். வடிகாலைத் திறந்த பிறகே அங்கே விதைக்க வேண்டும். அந்த வடிகாலில் எங்களோடு சேர்த்து ஒன்பது பேருடைய தண்ணீர் வடிகிறது. ஏழு பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். சித்தப்பா வீட்டுக்கு நானே போய்க் கேட்டேன். அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "நாளைக் காலையில் அரிவாளை எடுத்துக்கொண்டு வருகிறேன், நீ ஆளுக்குத் தேநீர் மட்டும் சொல்லிவை" என்றார்.

பதில் 5 | எழுதியவர்: வரப்போரம்

மிகவும் மகிழ்ச்சி, தம்பி. ஒரு சிறு செய்தி: ஆகாயத்தாமரையை வெட்டி வடிகால் கரையிலேயே போட்டுவிடாதீர்கள், முதல் மழையில் மீண்டும் உள்ளே சரிந்துவிடும். நன்றாக ஏற்றி, தள்ளிப் போடச் சொல்லுங்கள். காட்டாமணக்கை வேரோடு எடுக்க வேண்டும். துண்டாகக் கிடந்தாலும் தழைத்துவிடும்.